மூன்று விளையாட்டு, ஒரே பாறை

பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் காலை நிகழ்ச்சியில் நேயர்களிடம் கேட்பேன்: "இந்த முறை எங்கே போகிறீர்கள்?" பாதிப் பேர் கேமரன் மலை என்பார்கள். மீதிப் பேர் லங்காவி, தியோமான், பெர்ஹெந்தியான் என்று ஏதாவது ஒரு தீவைச் சொல்வார்கள். கொஞ்ச நாளாக இளையவர்கள் என்னையே திருப்பிக் கேட்கிறார்கள். "அலைச்சறுக்கு வேண்டும், தூண்டில் போட வேண்டும், பவளமும் பார்க்க வேண்டும். மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்குமா?"

நம் நாட்டில் அது சிரமம்தான். தியோமானின் ஜுவாரா கரைக்கும் பகாங்கின் செரத்திங்குக்கும் நல்ல அலை வருவது நவம்பருக்குப் பிறகு, வடகிழக்குப் பருவக்காற்றோடு. அந்த மாதங்களில் கடல் கலங்கிக் கிடக்கும். கிழக்குக் கரைத் தீவுகளில் பல விடுதிகள் கதவைச் சாத்திவிடும். பவளம் பார்க்க ஏற்ற மாதங்களிலோ கடல் குளம்போல் கிடக்கும். சறுக்குப் பலகை சும்மா சாய்ந்திருக்க வேண்டியதுதான். தூண்டில் கதை இன்னும் சுருக்கம். தியோமான், ரெடாங், பெர்ஹெந்தியான் போன்ற கடல் பூங்காத் தீவுகளைச் சுற்றி 2 கடல் மைல் வரை மீன்பிடிக்கத் தடை. 1994 முதல் இருக்கும் சட்டம் அது.

மூன்றையும் ஒரே வாரத்தில் தரும் இடங்களில் நமக்குப் பக்கத்தில் இருப்பது மெந்தாவாய் தீவுக்கூட்டம். சுமத்ராவுக்கு மேற்கே, இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. சிபெருட், சிப்போரா, வட பகாய், தென் பகாய் என்று நான்கு பெரிய தீவுகள்; அவற்றைச் சுற்றித் தென்னை மரங்கள் மட்டும் நிற்கும் குட்டித் தீவுகள். கோலாலம்பூரிலிருந்து பாடாங் நகருக்கு விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். அங்கிருந்து விரைவுப் படகில் மூன்றரை, நான்கு மணி நேரம். படகு எல்லா நாளும் எல்லாத் தீவுக்கும் போகாது என்பதால், பெரும்பாலும் பாடாங்கில் ஓர் இரவு தங்கியாக வேண்டும்.

தங்குவதில் நட்டமில்லை. நெகிரி செம்பிலானில் நாம் பார்க்கும் கொம்பு வைத்த கூரைகளின் தாய்வீடு அந்த வட்டாரம். நாசி பாடாங்கை அதன் சொந்த மண்ணிலேயே சாப்பிடலாம். பழைய நகர்ப்பகுதியில் முகமடான் பள்ளிவாசல் இருக்கிறது. இந்திய முஸ்லிம்கள் கட்டியது. ஆண்டுக்கு ஒருமுறை நாகூர் ஆண்டகையின் நினைவாக, வண்ணத் துணியில் முடிந்த சர்க்கரைப் பொட்டலங்களை மேலே நின்று கூட்டத்தை நோக்கி வீசுவார்கள். அதற்கு ‘செராக் குலோ’ என்று பெயர். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நாகூர் தர்கா பார்த்த நமக்கு, அங்கே நிற்கும்போது வெளியூர் என்ற எண்ணமே வராது.

சரி, தீவுக்கு வருவோம். விடுதிகளின் விளம்பரத்தில் மூன்று படங்கள் இருக்கும். அலைமேல் ஒருவர், கையில் பெரிய மீனோடு ஒருவர், முகக் கண்ணாடி போட்டுத் தண்ணீருக்குள் ஒருவர். நாமும் உணவுக்கடையில் தட்டு தட்டாகக் கேட்பதுபோல, காலையில் அது, மதியம் இது, மாலையில் இன்னொன்று என்று பட்டியல் போடுகிறோம். போன ஆண்டு அங்கே போய்த் தண்ணீரில் இறங்கியபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. அங்கே மூன்று பொருள் இல்லை. மூன்றுக்கும் முதலாளி ஒருவர்தான்: பவளப்பாறை.

அலையை எடுத்துக்கொள்ளுங்கள். மெந்தாவாய்க்கு வரும் அலை அங்கே பிறந்ததல்ல. வெகு தெற்கே, தென்முனைக் கடலை ஒட்டி வீசும் குளிர்காலப் புயல்களில் பிறந்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து வருகிறது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அதன் காலம். ஆழ்கடலில் அது வெறும் மேடுதான்; படகு ஏறி இறங்கும், அவ்வளவே. தீவை நெருங்கும்போது கடலடி சட்டென்று உயர்ந்து பாறையாகிறது. அலையின் அடிப்பக்கம் வேகம் குறைய, மேற்பக்கம் முந்திக்கொண்டு கவிழ்கிறது. பாறையின் விளிம்பு எப்படி வளைகிறதோ, அதே வரிசையில் அலையும் உடைந்துகொண்டே போகிறது. மணற்கரையில் இன்று இருக்கும் மேடு நாளை இருக்காது; பாறை அப்படியே இருக்கும். அதனால்தான் அங்கே அலைகளுக்கே பெயர் இருக்கிறது. ஒன்று ‘மக்கரோனிஸ்’. இன்னொன்று ‘லான்சஸ் ரைட்’. 1991-இல் அங்கே சறுக்கிய லான்ஸ் நைட் என்ற ஆஸ்திரேலியரின் பெயரால் வந்தது.

அலையைத் தூக்கிக் கொடுக்கும் அதே பாறைதான், விழுந்தால் தோலையும் கிழிக்கும். பாறைமேல் கொட்டிய தண்ணீர் பக்கத்திலுள்ள ஆழமான வாய்க்கால் வழியாகக் கடலுக்குத் திரும்பும். பழகியவர்கள் அந்த ஓட்டத்தைப் பிடித்துச் சுலபமாக வெளியே போவார்கள். பழகாதவரை அது இழுத்துக்கொண்டு போகும். அப்போது எதிர்த்து நீந்தினால் களைப்புதான் மிச்சம்; பக்கவாட்டில் நகர வேண்டும். முதன்முதலாகப் பலகையில் ஏறுபவருக்குச் செரத்திங்கின் மணலடிக் கடல்தான் ஏற்றது. மெந்தாவாயை இரண்டாம் வகுப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு காலையில் படகோட்டியிடம், "பாங், இப்போது இறங்கலாமா?" என்று கேட்டேன். அவர் கைப்பேசியைப் பார்க்கவில்லை. நீர் வற்றிக்கொண்டிருந்த பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பாறை தலை காட்டினால் நான் இறங்க மாட்டேன், காக். உங்கள் இஷ்டம்" என்றார். நான் படகிலேயே உட்கார்ந்து காப்பி குடித்தேன்.

அடுத்தது தூண்டில். வானொலிக்காரருக்கு ஒரு தொல்லை உண்டு. பாறை என்றால் கல். பாரை என்றால் மீன். ஒலிபரப்பில் நாக்கு கொஞ்சம் வழுக்கினாலும் தமிழாசிரியர்கள் அழைத்துவிடுவார்கள். மெந்தாவாயில் இரண்டும் பிரியாது. பாறையின் விளிம்பில் சின்ன மீன் கூடும். அதைத் தேடி ஆழத்திலிருந்து பெரும்பாரை வரும். தூண்டில்காரர்கள் கனவு காணும் மீன் அது. பிடித்து, படம் எடுத்து, உயிரோடு திரும்ப விடுவதுதான் அங்கு வரும் நல்ல தூண்டில்காரர்களின் வழக்கம். குழம்புக்கு வேண்டுமா? வெளிக்கடலில் தெங்கிரியும் சூரையும் ஓடுகின்றன; படகுக்குப் பின்னால் நூலை விட்டுப் பிடிக்கலாம்.

கிளிமீனை மட்டும் விட்டுவிடுங்கள். பவளத்தை மூடி வளரும் பாசியைக் கொறித்துத் தின்பது அதன் வேலை. தின்னும்போது பாறையையும் சேர்த்து அரைத்து மணலாக வெளியே தள்ளும். நாம் துண்டு விரித்துப் படுக்கும் வெள்ளை மணலில் ஒரு பங்கு அதன் வயிற்றிலிருந்து வந்தது. பாசி தின்ன ஆள் இல்லாவிட்டால் பவளம் மூச்சு முட்டும்.

மூன்றாவது, முகக் கண்ணாடி. கல்போலத் தெரியும் பவளம் உண்மையில் கோடிக்கணக்கான சிற்றுயிர்கள் கூடிக் கட்டிய வீடு. உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஆள் உயரப் பவளம் ஒன்றைப் பார்த்தால், அது நம் கொள்ளுப்பாட்டனுக்கும் மூத்தது. நீச்சல் தெரியாதவர்கள் பயத்தில் செய்யும் முதல் காரியம், காலை ஊன்றி நிற்பது. அந்த ஒரு மிதியில் பத்திருபது ஆண்டு வளர்ச்சி நொறுங்கும். நம் பாதமும் கிழியும். நம்மில் பலருக்கு நீச்சல் தெரியாது என்பது தெரிந்த கதைதான். தீவுக்குப் பணம் சேர்ப்பவர்கள் அதில் கொஞ்சத்தை எடுத்து முதலில் நீச்சல் வகுப்புக்குக் கட்டலாம். மிதவைச் சட்டை துணைக்குத்தான். நீச்சலுக்கு மாற்று அல்ல.

இத்தனையும் செய்கிற பாறைக்கு என்ன ஆபத்து? ஒன்றைச் சொல்கிறேன். 1997-ஆம் ஆண்டுப் புகைமூட்டம் நினைவிருக்கிறதா? சரவாக்கில் அவசரநிலை அறிவிக்கும் அளவுக்குப் போன புகை அது. அதே ஆண்டு மெந்தாவாயில் கடல் சிவந்தது. நுண்பாசி பெருகி, நீரில் இருந்த உயிர்வளி தீர்ந்து, பவளங்களும் மீன்களும் மூச்சுத் திணறிப் பெருமளவில் மடிந்தன. இந்தோனேசியக் காட்டுத்தீயின் புகையில் இருந்த இரும்புச்சத்து கடலில் படிந்து அந்தப் பாசிக்கு உரமானது என்று, 2003-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. நாம் முகக்கவசம் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போன அதே பருவத்தில், அந்தப் பாறைக்கும் மூச்சு நின்றிருக்கிறது. எங்கோ ஒரு தீவு என்று நாம் நினைப்பது அவ்வளவு தூரத்தில் இல்லை.

பாறை இன்னொரு கணக்கும் எழுதி வைத்திருக்கிறது. அந்தத் தீவுகளின் அடியில் இரண்டு நிலத்தட்டுகள் உரசிக்கொண்டிருக்கின்றன. நிலம் உயரும்போதும் தாழும்போதும் பவளத்தின் வளர்ச்சி மாறும். மர வளையத்தைப் படிப்பதுபோல அதைப் படிக்கலாம். சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் புவி ஆய்வு மையத்தை முதலில் வழிநடத்திய கெர்ரி சீயும் அவருடைய குழுவினரும் மெந்தாவாய்ப் பவளங்களை அப்படித்தான் படித்தார்கள். ஏறக்குறைய இருநூறு ஆண்டுக்கு ஒருமுறை பெரும் நிலநடுக்கங்கள் தொகுப்பாக வந்திருப்பது தெரிந்தது.

2010 அக்டோபர் 25 இரவு பகாய் தீவுகளுக்கு அப்பால் கடலடியில் நிலம் நடுங்கியது. கரையில் இருந்தவர்களுக்கு ஆட்டம் பலமாகத் தெரியவில்லை. மெதுவாக, நீண்ட நேரம் ஆடியது. பெரிதல்ல என்று பலர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். சற்று நேரத்தில் வந்த ஆழிப்பேரலையில் நானூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. அங்கே போகும் ஒவ்வொருவரும் மனத்தில் வைக்க வேண்டிய பாடம் இது: ஆட்டம் மெதுவாக இருந்தாலும் நீண்டால், சங்கு ஊதும்வரை காத்திருக்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும்.

ஆகவே முன்பதிவு செய்யும் முன் விடுதிக்காரரிடம் படங்களை மட்டும் கேட்காதீர்கள். மேடு எங்கே, இரவில் அங்கே போக வழி இருக்கிறதா? அடிபட்டால் மருத்துவர் எத்தனை மணி நேரத் தொலைவில்? படகில் ஆளுக்கொரு மிதவைச் சட்டை உண்டா? உங்கள் பயணக் காப்புறுதியிடம், அலைச்சறுக்குக் காயத்துக்கும் தீவிலிருந்து நோயாளியைக் கொண்டுவரும் செலவுக்கும் பணம் தருவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். மலேரியாவுக்கு முன்னெச்சரிக்கை வேண்டுமா என்பதை மருத்துவரிடம் பேசிவிடுங்கள். ஒதுக்குப்புறம் என்பதற்காகத்தான் அந்த விலை கொடுக்கிறோம். உதவியும் அதே தூரத்தில்தான் இருக்கும்.

விடுதிக்காரரிடம் இன்னும் ஒன்று கேட்கலாம். நங்கூரத்தைப் பாறைமேல் போடுகிறீர்களா, கட்டி வைத்த மிதவையில் படகைக் கட்டுகிறீர்களா? ஒரு நங்கூரம் செய்யும் நாசத்தை நூறு பேர் மிதித்தாலும் செய்ய முடியாது. வாடிக்கையாளர் கேட்டால்தான் முதலாளி யோசிப்பார்.

கடைசி நாள் மாலை, நீர் வற்றிய நேரத்தில், பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் கைவலையோடு நின்றார்கள். அவர்களின் இரவுச் சாப்பாடு அந்தப் பாறையிடுக்கில் இருந்தது. பாறை செத்தால் நமக்கு வேறு தீவு இருக்கிறது. அடுத்த விடுமுறைக்கு வேறு விளம்பரம் வரும். அவர்கள் வலையை எடுத்துக்கொண்டு எங்கே போவார்கள்?

போகிறவர்கள் போய்வந்து எனக்குச் சொல்லுங்கள். பிடித்த மீனின் நீளத்தைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னாலும் பரவாயில்லை. காலடி எங்கே வைத்தீர்கள் என்பதை மட்டும் உண்மையாகச் சொல்லுங்கள். அடுத்த வாரம் சந்திப்போம்.