நோவில்லாத நாளே உரிய நாள்

“நோவு ஒண்ணும் இல்லையே டாக்டர், எனக்கு எதுக்கு டெஸ்ட்?” பனவடலிசத்திரம் சுற்றுவட்டாரத்திலிருந்து வரும் தாய்மார்கள் பலரும் என்னிடம் கேட்கும் கேள்வி இது. நோவில்லாத நாளே கருப்பைவாய்ப் பரிசோதனைக்கு உரிய நாள் என்பதே என் விடை.

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் காரணம் பாப்பிலோமா வைரஸ். இத்தொற்று பலருக்குத் தானாகவே நீங்கிவிடும். நீங்காமல் தங்கினால், செல்கள் மெல்ல மாறிப் புற்றாக வளரப் பத்து ஆண்டுகளுக்கும் மேலாகலாம். அதுவரை பெரும்பாலும் அறிகுறியே இராது. அக்காலத்தில் கண்டறிந்தால், பலருக்குக் கருப்பையை அகற்றாமலே குணப்படுத்தலாம்.

இதற்குச் சான்று நம் மாநிலத்திலேயே உள்ளது. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000 முதல் 2003 வரை, 30 முதல் 59 வயதுடைய பெண்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர் அசிட்டிக் அமிலம் தடவிப் பரிசோதித்தனர். மாறுதலுற்ற இடம் வெண்மையாகத் தெரியும், அவ்வளவே. 2007இல் வெளியான முடிவின்படி, இந்நோயால் நேரும் இறப்பு 35 விழுக்காடு குறைந்தது. அழைக்கப்பட்ட 49,311 பேரில் பரிசோதனைக்கு வந்தவர்கள் 31,343 பேர் மட்டுமே. வராதவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டே இவ்வளவு பலன்!

ஆயினும், 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 30 முதல் 49 வயதுடைய பெண்களுள் இப்பரிசோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை.

இதனைப் பெண்களின் அறியாமை என்று சொல்லி ஒதுங்குவது நியாயமன்று. பீடி சுற்றும் பெண்ணுக்கும் வயல்வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கும் ஒரு நாள் மருத்துவமனைக்கு வந்தால் அன்றைய கூலி போகிறது. அதற்குமேல் கூச்சம்; முடிவு என்னவாகுமோ என்ற அச்சம். திரையிட்ட அறையும் பெண் செவிலியரும் பொறுமையான விளக்கமும் தர வேண்டியது எங்கள் கடமை. ‘போய் வா’ என்று சொல்ல வேண்டியது குடும்பத்தின் கடமை.

முப்பது வயது கடந்த பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இப்பரிசோதனை இலவசம். சில நிமிடங்களில் முடிந்துவிடும். வெண்மை தெரிந்தாலே புற்றுநோய் என்று பொருளன்று. அடுத்த சோதனை தேவை என்பதே பொருள். மாதவிடாய் நின்றபின் இரத்தம் கண்டாலோ, உறவுக்குப்பின் இரத்தம் கசிந்தாலோ, ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

ஆடித் தபசுக்குக் குடும்பத்தோடு சங்கரன்கோவில் செல்ல ஒரு நாளை ஒதுக்குகிறோம். அம்மாவுக்காகவும் மனைவிக்காகவும் அக்காவுக்காகவும் இன்னும் ஒரு நாளை ஒதுக்குங்கள். “நானும் கூட வருகிறேன்” என்ற உங்கள் ஒரு சொல், அவர்களின் தயக்கத்தைப் போக்கும்.