தோட்டமும் மலையும் எமது பிள்ளைகளும்



சென்ற இதழில் வீட்டு வாடகையோடு வந்து சேரும் தண்ணீர், ஹீற்றர்க் கணக்குகளைப் பற்றி எழுதியிருந்தோம். வாசித்துவிட்டுப் பலர் தொலைபேசியில் கதைத்தீர்கள். நன்றி. இம்முறை கணக்கு எதுவும் இல்லை. நாம் விட்ட ஒரு பிழையையும் அதைத் திருத்தப் போன கதையையும் எழுதுகிறோம். ஹனோவருக்குப் புதிதாக வந்திருக்கும் குடும்பங்கள் அதே பிழையை விடக்கூடாது என்பதுதான் நோக்கம்.

சென்ற ஆண்டு புரட்டாதி மாதம் எமது மூத்த மகள் பாடசாலையில் இருந்து ஒரு கடதாசி கொண்டுவந்தாள். நாலாம் வகுப்புப் பிள்ளைகளை மூன்று நாட்களுக்கு ஹார்ட்ஸ் மலைக்குக் கூட்டிப் போகிறார்களாம். இரவில் இளைஞர் விடுதி, பகலில் காட்டுக்குள் நடை. பெற்றோர் ஒப்பம் வைக்க வேண்டும். நாம் வைக்கவில்லை. காசு இல்லை என்று மகளிடம் சொன்னோம். அது பொய்.

உண்மையான காரணம் பயம். பெண்பிள்ளை இரண்டு இரவு வெளியில் தங்குவதா என்பது ஒன்று. அதைவிடப் பெரிய பயம் காடு. வன்னியில் பிறந்த எமக்குக் காடு புதிது அல்ல. பாலைப்பழம் பொறுக்கியதும் விறகு கட்டியதும் மாடு தேடித் திரிந்ததும் காட்டில்தான். ஆனால் 2008 இன் கடைசியில் கிளிநொச்சிப் பக்கத்தில் எமது இரண்டு ஏக்கர் காணியையும் கிணற்றையும் காய்த்து நின்ற மிளகாயையும் விட்டு வெளிக்கிட்டோம். 2009 வைகாசி வரை நடந்தோம். அதற்குப் பிறகு காடு என்றால் எமக்கு ஒளிக்கிற இடம். நடை என்றால் ஓட்டம். ஆசைக்காக மலையில் ஏறி இறங்குகிறார்கள் என்றால், இவர்களுக்கு வேறு வேலை இல்லையா என்றுதான் நினைப்போம்.

வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் மலைக்குப் போக, மகள் அந்த மூன்று நாளும் வேறு வகுப்பில் போய் இருந்தாள். சுற்றுலாவுக்குப் போகாத பிள்ளையும் பாடசாலைக்குப் போகத்தான் வேண்டும். அவள் அழவில்லை, சண்டை பிடிக்கவும் இல்லை. "பரவாயில்லை அப்பா, காசு இல்லைத்தானே" என்றாள். இரவு வேலைக்குப் போய் மெசினுக்கு முன்னால் நின்றபோதும் அந்தச் சொல்தான் காதில் நின்றது.

இந்தக் கதையை நாம் முதலில் சொன்னது ஒரு ஜேர்மன் மூதாட்டியிடம். அவர் எமது தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டக்காரர். பிள்ளைகள் "ஓமா" என்று கூப்பிடுவார்கள். நாமும் அப்படியே எழுதுகிறோம்.

தோட்டத்தைப் பற்றியும் புதியவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஹனோவரில் சுமார் 20,000 கிளைன்கார்ட்டன்கள் இருக்கின்றன. ரெயினில் போகும்போது பாதை ஓரமாகச் சின்னச் சின்னக் கொட்டில்களும் அப்பிள் மரங்களும் வேலிகளும் தெரியுமே, அவைதான். வந்த புதிதில் அவற்றைப் பார்த்துவிட்டு, எங்களைப் போல அகதிகளை இங்கே இருத்தியிருக்கிறார்கள் என்று நினைத்தோம். பிறகுதான் அவை குடியிருக்கும் வீடுகள் அல்ல, குத்தகைத் தோட்டங்கள் என்று தெரிந்தது.

இதற்கென்றே 1983 இல் ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். ஒரு தோட்டம் 400 சதுர மீற்றருக்கு மேல் இருக்கக்கூடாது. எமது கணக்கில் ஒன்றரைப் பரப்புக்குச் சற்றுக் கூட. கொட்டில் 24 சதுர மீற்றருக்குள் அடங்க வேண்டும். அதில் நிரந்தரமாகக் குடியிருக்க முடியாது. பொதுவாக மூன்றில் ஒரு பங்கு நிலத்திலாவது மரக்கறியும் பழமும் செய்ய வேண்டும். புல்லை வளர்த்துக் கதிரை போட்டு இருப்பதற்கு மட்டும் தரமாட்டார்கள். தோட்டக்காரருக்கு இதைவிட நல்ல சட்டம் வேண்டுமா?

நாம் சங்கத்தில் பெயர் பதிந்து, நீண்ட காலம் காத்திருந்து ஒரு துண்டு எடுத்தோம். முதல் இலையுதிர்காலத்தில் ஊர்ப் பழக்கத்தில் சருகைக் கூட்டி நெருப்பு வைத்தோம். ஓமா வேலியால் ஓடிவந்து கையை ஆட்டிக் கத்தினார். தோட்டத்தில் குப்பை கொளுத்துவது இங்கே தடை. எமக்கு டொச் சரியாக வராது, அவருக்கோ கோபம். கடைசியில் தனது முள்ளுவாரியை எடுத்துவந்து, சருகைப் பாத்திக்கு மேல் போர்வை மாதிரிப் பரப்பிக் காட்டினார். பனிக்காலத்தில் மண் காயாது, புழு சாகாது, போகப்போக உக்கி எருவாகிவிடும். அன்று தொடங்கிய பழக்கம்தான். இப்போது ஐப்பசியில் இருவரும் சேர்ந்தே உள்ளி நடுகிறோம். எமது பூசணிக்காய் அவர் சூப்பில், அவர் அப்பிள் எமது வீட்டுச் சட்னியில். பயற்றங்காய் மட்டும் இந்த மண்ணில் எமக்குச் சரிவரவில்லை.

ஓமாவின் தாய் தகப்பனும் அகதிகள்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் சிலேசியாவில் இருந்து துரத்தப்பட்டு, கைவண்டியோடு ஹனோவருக்கு வந்தவர்கள். 1943 ஒக்டோபர் 8ஆம் திகதி இரவு விழுந்த குண்டுகளில் நகரத்தின் நடுப்பகுதி அழிந்துபோயிருந்தது. புதிய நகரசபைக் கட்டிடத்தின் கீழ் மண்டபத்தில் 1945 இல் இந்த நகரம் இருந்த கோலத்தை மாதிரி செய்து வைத்திருக்கிறார்கள். ஒருமுறை பிள்ளைகளோடு போய்ப் பாருங்கள். வீடில்லாத பலர் அந்த நாட்களில் தோட்டக் கொட்டில்களில்தான் இருந்தார்கள். ஓமாவின் பெற்றோரும் அப்படி இரண்டு பனிக்காலம் இருந்தார்களாம். நாம் முதலில் நினைத்தது முழுப் பிழையும் அல்ல.

எமது கதையைக் கேட்ட ஓமா எம்மைப் பேசவில்லை. "பிள்ளையைத் தனிய விடப் பயம் என்றால் நீங்களும் கூடப் போகலாமே. ஞாயிற்றுக்கிழமை காலை பிரதான புகையிரத நிலையத்துக்கு வாருங்கள். நல்ல சப்பாத்துப் போடுங்கள்" என்றார்.

அப்படித்தான் ஐப்பசியில் ஒரு ஞாயிறு வெளிக்கிட்டோம். ரெயினில் பாட் ஹார்ட்ஸ்பூர்க் வரை போய், அங்கிருந்து பஸ்ஸில் ரோர்ப்ஹவுஸ் என்ற இடத்தில் இறங்கினோம். கடல் மட்டத்தில் இருந்து 800 மீற்றர். அங்கிருந்து புறொக்கன் மலை உச்சிக்கு 8 கிலோமீற்றர் நடை. உச்சி 1141 மீற்றர். வட ஜேர்மனியில் இதுதான் உயரம். கவிஞர் கதே 1777 மார்கழி 10ஆம் திகதி பனிக்குள் ஏறியதால் இந்த வழிக்குக் கதே பாதை என்று பெயர். சின்னவனுக்கு வயது போதாது என்று மனைவியும் அவனும் கொஞ்சத் தூரம் வந்து திரும்பி, ரோர்ப்ஹவுஸில் உள்ள தேசிய பூங்கா நிலையத்தில் இருந்தார்கள்.

நடை தொடங்கிய உடனே எம்மை மறித்தது ஒரு வாய்க்கால். மலையில் வாய்க்காலா என்று நின்றுவிட்டோம். இரணைமடுத் தண்ணீரில் வளர்ந்தவர்களுக்கு வாய்க்காலைக் கண்டால் கால் நகராது. அந்த நாட்களில் இந்த மலைக்குள் வெள்ளியும் ஈயமும் தோண்டினார்கள். சுரங்கத்துக்குள் ஊறும் தண்ணீரை இறைக்கப் பெரிய சில்லுகள். அந்தச் சில்லுகளைச் சுற்றவும் தண்ணீர்தான் வேண்டும். அதற்காக மலையைச் சுற்றிக் குளமும் வாய்க்காலும் வெட்டி, மெல்லிய சரிவில் தண்ணீரை ஓடவிட்டிருக்கிறார்கள். 2010 இல் யுனெஸ்கோ இதை உலகச் சொத்தாக ஏற்றுக்கொண்டது. மகளுக்கு மதகு என்றால் என்ன, மறுகால் பாய்வது என்றால் என்ன என்று சொல்லிக்கொண்டே நடந்தோம். அவளுக்கு நாம் ஊர்த் தோட்டத்தைப் பற்றிச் சொன்னது அன்றுதான் முதல் தடவை.

அதற்கு மேலே போக, மரங்கள் எல்லாம் செத்து நின்றன. இலை இல்லை, பட்டை இல்லை, சாம்பல் நிறத்தில் வெறும் கம்பங்கள். எமக்கு நெஞ்சு அடைத்தது. செல் விழுந்து தலை இல்லாமல் நின்ற பனைகளைப் பார்த்தவர்களுக்கு அது விளங்கும். இங்கே யாரும் குண்டு போடவில்லை. சுரங்கத்துக்கும் பிறகு விற்பனைக்கும் என்று மலை முழுக்க ஒரே சாதி மரத்தை, ஃபிக்ற்ர என்ற ஊசியிலை மரத்தை, நட்டிருந்தார்கள். 2018 இல் தொடங்கிய வறட்சியில் மரங்களுக்குப் பால் வற்றிவிட்டது. நல்ல மரம் தன் பிசினால் பட்டைவண்டை மூழ்கடித்துக் கொன்றுவிடும். தண்ணீர் இல்லாத மரத்தில் பிசின் ஏது? அரிசி மணி அளவு வண்டு காட்டையே தின்றுவிட்டது. ஆனால் குனிந்து பார்த்தால் அடியில் வேறு சாதிக் கன்றுகள் தாமாக முளைத்திருந்தன. தேசிய பூங்கா என்பதால் பெரும்பாலும் அதன்போக்கில் விட்டிருக்கிறார்கள்.

பாதித் தூரத்துக்கு மேல் கொங்கிறீற் பலகைகள் பதித்த பாதை வந்தது. முன்னாள் கிழக்கு ஜேர்மனியின் எல்லைக் காவல் வண்டிகள் ஓடிய பாதை அது. 1961 இல் இருந்து இந்த உச்சியை இராணுவ வலயமாக அடைத்து வைத்திருந்தார்கள். இளவயதில் ஓமா ரோர்ப்ஹவுஸில் நின்று உச்சியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவாராம். 1989 மார்கழி 3ஆம் திகதி சனங்கள் நடந்து வந்து கதவைத் திறப்பித்தார்கள். அடுத்த வசந்தத்தில் ஓமா முதன்முதலாக ஏறினார்.

அந்தப் பாதையில்தான் மகள் கேட்டாள்.

"அப்பா, நீங்களும் இப்படி நடந்தனீங்களா?"

"ஓம்."

"எவ்வளவு தூரம்?"

"தூரம் தெரியாது. ஐந்து மாதம்."

கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தாள். நாமும் அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அன்று சொல்லாவிட்டால் பிறகு சொல்லமாட்டோம் என்று தோன்றியது. "காசு இருந்தது பிள்ளை. அப்பாவுக்குத்தான் பயம்" என்றோம். அவள் எம்மைப் பார்த்து, "அப்ப தம்பியையாவது விடுங்கோ" என்றாள்.

உச்சியில் ஒன்றும் தெரியவில்லை. ஆண்டில் 300 நாள் வரை அங்கே மூடுபனி என்கிறார்கள். நாம் போனதும் அப்படி ஒரு நாள். காற்று ஆளைத் தள்ளியது. பட்டாணிச் சூப்பும் பிளாஸ்க்கில் கொண்டுபோன தேத்தண்ணியும் குடித்துவிட்டு இறங்கினோம்.

எம்மவர் பலர் இந்த நாட்டில் நகரத்தை விட்டு வெளியே போவதில்லை. பயம் மட்டும் காரணம் அல்ல. 1980களிலும் 90களிலும் வந்த அண்ணன்மார் அக்காமாருக்குப் புகலிட வழக்கு முடியும்வரை தங்கள் மாவட்டத்தை விட்டு வெளியேற அனுமதி வேண்டும் என்று 1982 சட்டம் இருந்தது. மீறினால் தண்டம். பிறகு விசா கிடைத்தது, பழக்கம் மாறவில்லை. 2015 தை முதல் அந்தக் கட்டுப்பாடு பொதுவாக மூன்று மாதத்தோடு முடிகிறது. என்றாலும் இன்னும் வரவேற்பு முகாமில் இருப்பவர்களுக்குக் கட்டுப்பாடு இருக்கலாம். வெளிக்கிட முன் கடதாசியை ஒருமுறை யாரிடமாவது காட்டிக் கேளுங்கள்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். டொச்லான்ட் ரிக்கற் இருந்தால் ரெயினுக்கும் பஸ்ஸுக்கும் வேறு காசு வேண்டாம். கீழே வெயில் எறித்தாலும் மேலே குளிர். தொப்பியும் மழைச்சட்டையும் கட்டாயம். காற்று நாட்களில் செத்த மரங்கள் விழும், பாதையை விட்டு இறங்க வேண்டாம். ஒக்டோபர் கடைசி ஞாயிறு மணிக்கூடு மாறிய பிறகு நேரத்தோடு இருட்டிவிடும். வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பிலும் அக்குளிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள்.

காளான் பிடுங்க வேண்டாம். தேசிய பூங்காவில் அது தடை, வெளியிலும் ஆபத்து. 2015 இலையுதிர்காலத்தில் எம்மைப் போலப் புதிதாக வந்த அகதிகள் பலர், தங்கள் ஊர்க் காளான் என்று நினைத்து நச்சுக்காளானை உண்டு, ஹனோவர் மருத்துவப் பல்கலைக்கழக மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். சமைத்தாலும் அந்த நஞ்சு போகாது. வயிற்றுவலி பல மணித்தியாலங்களுக்குப் பிறகுதான் வரும். அதற்குள் ஈரல் கெடத் தொடங்கியிருக்கலாம். சந்தேகம் என்றால் உடனே 112 க்கு அழையுங்கள்.

வகுப்புச் சுற்றுலாவுக்கு உண்மையிலேயே காசு இல்லாதவர்களும் இருப்பீர்கள். சமூக உதவி, வோன்கெல்ட், கிண்டர்சூஷ்லாக் பெறும் குடும்பங்களுக்கு அந்தச் செலவை அரசாங்கம் கொடுக்கிறது. ஆசிரியரிடம் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இந்த ஆண்டு சின்னவன் ஒரு கடதாசி கொண்டுவந்தான். ஒரு நாள் காட்டு நடை, டைஸ்ரர் குன்றுக்கு. இரவு வேலை முடிந்து வந்த களைப்போடு காலைத் தேத்தண்ணிக்கு முன்னமே ஒப்பம் வைத்தோம். மகள் பக்கத்தில் நின்று, சரியான இடத்தில்தான் வைக்கிறோமா என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கடதாசி மேசையில் கிடக்கலாம். எமக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.