பெட்டி வாங்கிய மந்திரி

சம்பளம் இவ்வளவு. வீடு, நிலம் இவ்வளவு. நடுவில் உதைக்கிற தொகை எங்கிருந்து வந்தது? பி.காம். முதல் வருஷப் பையன் கேட்கிற கேள்வி சார் இது. மெக்ஸிகோவில் இதைக் கேட்ட பெண்மணிக்குக் கொலை மிரட்டல் வந்தது.

அனபெல் எர்னாண்டஸ் என்று பெயர். பத்திரிகையாளர். ஜனாதிபதி மாளிகைக்கு ஒரு துண்டு (குளித்துவிட்டுத் துவட்டுகிற துண்டேதான்!) சுமார் 400 டாலருக்கு வாங்கியதை 2001-ல் எழுதி மானத்தை வாங்கியவர். அடுத்துக் கை வைத்தது ஹெனாரோ கார்சியா லூனா மீது. 2006 முதல் 2012 வரை பொதுப் பாதுகாப்பு அமைச்சர். போதைக் கும்பல்கள்மேல் ஜனாதிபதி கால்தெரோன் தொடுத்த யுத்தத்துக்கு இவர்தான் தளபதி மாதிரி. அந்தத் தளபதியே சினலோவா கும்பலின் பணத்தில் கொழிக்கிறார் என்று 2010-ல் புத்தகமே போட்டுவிட்டார் அந்த அம்மாள். அமைச்சரின் ஆட்கள் தன்னைத் தீர்த்துக்கட்டப் பார்ப்பதாகவும் பகிரங்கமாகச் சொன்னார். அரசாங்கம் என்ன செய்தது தெரியுமா? ஆட்சி முடிகிறவரை அமைச்சரை நாற்காலியிலேயே வைத்திருந்தது.

'பத்திரிகைக்காரங்க பரபரப்புக்கு எழுதுவாங்க, ஆதாரம் எங்கே?' என்பீர்கள். ரொக்கத்துக்கு ஏதுங்க வவுச்சர்? லஞ்சத்தை எவனும் வரவில் எழுத மாட்டான். அது செலவுப் பக்கத்தில்தான் தலைகாட்டும். அதனால்தான் அனபெல் வீடுகளை எண்ணினார். மெக்ஸிகோவின் ஆடிட்டர்களுக்கும் வருமானவரிக்காரர்களுக்கும் எண்ணத் தெரியாதா? தெரியும். எண்ணவில்லை. கோபம் எனக்கு அங்கேதான் வருகிறது.

2018-ல் நியூயார்க்கில் எல் சாப்போ வழக்கு. ஓட்டலில் வைத்து, லட்சம் லட்சமாக டாலர் அடைத்த பெட்டிகளை இந்த மனிதரிடம் கொடுத்தேன் என்றார் ஹெசுஸ் ஸம்பாதா, சினலோவா கும்பலின் பழைய புள்ளி. மறு வருஷம் டிசம்பரில் அமெரிக்காவில் கைது. 'போட்டோ உண்டா, டேப் உண்டா, கிரிமினல்கள் பேச்சைக் கேட்கலாமா?' என்று வாதாடினார்கள் அமைச்சரின் வக்கீல்கள். நியாயமான கேள்விதான், மறுக்கவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு ஜூரிகள் 2023 பிப்ரவரியில் குற்றவாளி என்றார்கள். 2024 அக்டோபரில் 38 வருஷத்துக்கும் மேலே சிறை.

குற்றச்சாட்டுகளில் ஒன்று வேடிக்கையானது. அமெரிக்கக் குடியுரிமை கேட்டு அவர் போட்ட மனுவில், 'குற்றம் ஏதும் செய்ததுண்டா?' என்று ஒரு கேள்வி. இல்லை என்று எழுதியிருந்தார். அந்தப் பொய்க்கும் சேர்த்துத்தான் தண்டனை.

மெக்ஸிகோவில் புத்தகக் கடையில் 2010-லேயே கிடைத்த விஷயம் இது. விசாரித்துத் தண்டிக்க வெளியூர்க் கோர்ட் வேண்டியிருந்தது. எழுதிய அம்மாளோ, வீட்டுக்குள் ஆயுதக் கும்பல் புகுந்த பிறகு ஊரைவிட்டே போக வேண்டியதாயிற்று.