கிட்னியைக் கெடுப்பது மாத்திரையா?

"சுகர் மாத்திரை போட்டால் கிட்னி போய்விடும்." டீக்கடை பெஞ்சிலிருந்து வாட்ஸ்அப் குழு வரை இந்தப் பேச்சு எட்டாத இடமில்லை. சொல்பவர்கள் சாட்சியும் வைத்திருப்பார்கள்: "எங்க பெரியப்பா பத்து வருஷம் மாத்திரை போட்டார், கடைசியில் டயாலிசிஸ்." அந்தப் பத்து வருஷமும் அவர் உடம்பில் சர்க்கரை நோயும் இருந்தது என்பது மட்டும் கணக்கில் வராது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அதிகம் பழி சுமப்பது மெட்பார்மின். 1957இல் பாரிஸ் மருத்துவர் ழான் ஸ்டெர்ன் சர்க்கரை நோய்க்கு இதன் பயனை எழுதினார். கல்லீரல் தேவைக்கு மேல் சர்க்கரையை ரத்தத்தில் விடுவதைக் குறைப்பதே இதன் முக்கிய வேலை. பிறகு உருமாறாமல் சிறுநீரில் வெளியேறிவிடும். வதந்தியின் வேர் இங்கேதான் இருக்கிறது. சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருந்தால் மருந்து உடம்பில் தேங்கும்; அரிதாக லாக்டிக் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் திறனைக் காட்டும் இஜிஎஃப்ஆர் அளவு 45க்குக் கீழே இறங்கினால் மருத்துவர் மாத்திரையைக் குறைக்கிறார். 30க்குக் கீழே போனால் நிறுத்துகிறார். உடனே ஊர், "பார்த்தீங்களா, டாக்டரே நிறுத்திட்டார்" என்கிறது. கிட்னி கெட்டதால் மருந்தை நிறுத்தினார். மருந்தால் கிட்னி கெடவில்லை.

கெடுப்பது கட்டுக்கடங்காத சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும்தான். வலி தெரியாது, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிவதுதான் முதல் அறிகுறி. மாத்திரையாலோ இன்சுலினாலோ சர்க்கரையை நன்றாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்றவற்றின் நுண்குழாய்ப் பாதிப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்ததை 1998இல் வெளியான பிரிட்டன் ஆய்வான யுகேபிடிஎஸ் காட்டியது. கிட்னிக்குப் பயந்து மெட்பார்மினை நிறுத்துகிறவர், மூட்டு வலிக்கு மெடிக்கலில் சீட்டில்லாமல் டைக்ளோஃபெனாக் வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறார். சிறுநீரகத்துக்கு உண்மையிலேயே தீங்கு செய்யக்கூடிய மாத்திரை அதுதான்.

மெட்பார்மினுக்குப் பக்கவிளைவே இல்லை என்று சொல்லவில்லை. வயிறு கலங்கும், நாள்பட்டால் பி12 சத்து குறையலாம். செவிலியர் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் இதற்கெல்லாம் வழி சொல்லலாம். சாப்பாட்டோடு போட வேண்டும். மருந்தை மெதுவாக வெளிவிடும் எஸ்ஆர் மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. அதன் கூடு சில சமயம் மலத்தில் அப்படியே வரும். மருந்து இறங்கிவிட்டது, பயம் வேண்டாம். வாந்தி பேதியில் உடம்பு வற்றினாலோ, சாயம் ஏற்றி ஸ்கேன் எடுப்பதாக இருந்தாலோ முதலில் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

2021 முதல் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. வந்த அட்டை பிரிக்கப்படாமல் அலமாரியில் கிடந்தால் என்ன பயன்? மாத்திரையைக் கொடுக்கிறவர்கள், இந்தப் பயத்துக்கும் அதே வாசலில் பதில் சொல்ல வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தக் கிரியாட்டினினும் சிறுநீர் ஆல்புமினும் பார்த்துக்கொள்ளுங்கள். மாத்திரையை நிறுத்துவதா, தொடர்வதா என்பதை அந்த முடிவுகளை வைத்து மருத்துவர் சொல்லட்டும். டீக்கடை சொல்ல வேண்டாம்.