ஒரே பலகை, நாலு கடை

ஸ்போர்ட்ஸ் புரோட்டோடைப் என்ற பெயரே கொஞ்சம் வேடிக்கைதான். புரோட்டோடைப் என்றால் பின்னால் வரப்போகும் பொருளுக்கு முன்மாதிரி. ஆனால் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓடும் இந்தக் கார்களில் முக்கால்வாசி எதற்கும் முன்மாதிரி இல்லை. பந்தயத்துக்கென்றே பிறந்து, ஓடி முடித்ததும் மியூசியத்துக்குப் போகிறவை. சரி, அதை விடுங்கள். அதன் கீழே வரும் வகைப் பெயர்கள் இன்னும் பெரிய கூத்து.

'குரூப் 5' என்பதையே பாருங்கள். 1966ல் அது மாற்றியமைத்த டூரிங் கார்களின் பெயர். 1970ல் 5 லிட்டர் ஸ்போர்ட்ஸ் கார். 1972ல் 3 லிட்டர். 1976ல் ஷோரூம் காரின் உருவத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மாற்றிக்கொள்ளும் ரகம். பத்தே வருடத்தில் ஒரே பலகை, நாலு கடை!

பழைய பந்தயங்களைப் படிக்கிறவர்களுக்குத் தலைவலி, அவ்வளவுதானே என்று தோன்றலாம். அவ்வளவுதான் இல்லை. யார் ஜெயிப்பது என்பதே பல முறை பெயரை வைத்துத்தான் முடிவானது.

1968ல் புரோட்டோடைப் என்றால் 3 லிட்டருக்கு மேல் எஞ்சின் கூடாது என்று விதி. 'ஸ்போர்ட்ஸ் கார்' என்றால் 5 லிட்டர் வரை போகலாம், ஆனால் 1969 விதிப்படி குறைந்தது 25 கார் செய்து காட்ட வேண்டும். பந்தயத்துக்காக மட்டும் எவன் 25 கார் செய்வான் என்று விதி போட்டவர்கள் நினைத்தார்கள். போர்ஷே செய்தது. 1969 ஏப்ரலில் 25 போர்ஷே 917 கார்களைத் தொழிற்சாலை வாசலில் வரிசையாக நிறுத்தி அதிகாரிகளைக் கூப்பிட்டுக் காட்டியது. உள்ளே 4.5 லிட்டர், 12 சிலிண்டர். அசல் புரோட்டோடைப், காகிதத்தில் மட்டும் ஸ்போர்ட்ஸ் கார். 1970லும் 1971லும் லே மான் அதன் கையில். பி.காம். முதல் வருடத்திலேயே வரும் பாடம்தான் இது: ஒரே செலவை எந்தத் தலைப்பில் எழுதுகிறோமோ, அதைப் பொறுத்து லாபம் மாறும்.

1994ல் இன்னும் அநியாயம். போர்ஷே 962 என்ற குரூப் சி பந்தயக் காருக்குச் சாலையில் ஓட்டும் வடிவம் ஒன்றை டாவர் என்ற சிறு நிறுவனம் செய்தது. அதைக் காட்டி 'ஜி.டி.' வகையில் நுழைந்து, பெரிய பெட்ரோல் டேங்க் சலுகையோடு மொத்தப் பந்தயத்தையும் ஜெயித்துவிட்டார்கள். இரண்டாவது வந்தது டொயோட்டா. டொயோட்டா பாடம் கற்றுக்கொண்டது போலும்! 1998ல் ஜி.டி. காரில் சூட்கேஸ் வைக்க இடம் வேண்டுமே என்றபோது, காலியான பெட்ரோல் டேங்கில் வைக்கலாமே என்று வாதாடி அனுமதி வாங்கியது.

2000ல் வந்த எல்.எம்.பி. 900, எல்.எம்.பி. 675 என்ற பெயர்கள்தான் இதுவரை வந்ததில் நேர்மையானவை. அந்த எண் கிலோவில் குறைந்தபட்ச எடை. கவர்ச்சி இல்லை, ஆனால் பொய்யும் இல்லை. 2004ல் அவை போய் எல்.எம்.பி. 1, எல்.எம்.பி. 2 ஆயின.

2021 முதல் 'ஹைப்பர்கார்'. பணக்காரர்கள் வீட்டு வாசலில் நிற்கும் கார்களின் பெயர். இதற்குள் இரண்டு விதிப்புத்தகம்: எல்.எம்.எச். என்றால் முழுக் காரையும் நிறுவனம் தன் இஷ்டப்படி வடிவமைக்கலாம், எல்.எம்.டி.எச். என்றால் அங்கீகரித்த நால்வரில் ஒருவரிடம் சேஸிஸ் வாங்க வேண்டும், ஹைபிரிட் பாகங்கள் எல்லோருக்கும் பொது. இதே போர்ஷே 963 அமெரிக்கா போனால் 'ஜி.டி.பி.'. போதாததற்கு எல்லோரையும் சமமாக்க ஒவ்வொரு காரின் எடையையும் சக்தியையும் அவ்வப்போது மாற்றுகிறார்கள். ராத்திரி முழுக்க விழித்துப் பார்க்கிறவனுக்குத் தான் பார்ப்பது எந்த ரகம் என்பது வகைப் பெயரிலிருந்து தெரிய வேண்டாமா?

பெயர் நன்றாக விற்றது, லே மானில் 2021ல் 5 ஹைப்பர்கார், 2024ல் 23 என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தக் கூட்டம் வந்தது ஒரே காரை இரண்டு கண்டத்திலும் ஓட்டலாம் என்ற விதியால். பெயரை எல்.எம்.எச்., எல்.எம்.டி.எச். என்று பிரித்து எழுதியிருந்தாலும் வந்திருக்கும்.

இதில் ஃபெராரியைப் பாராட்ட வேண்டும். 2023, 2024, 2025 மூன்று வருடமும் லே மானில் ஜெயித்த காரின் பெயர் 499பி. பி என்றால் புரோட்டோடைப், 499 என்பது ஒரு சிலிண்டரின் சி.சி. ஆறு சிலிண்டர். பெருக்கிக்கொள்ளுங்கள்.