வாசக்காலுக்கு முத்திரை எங்கே?

பண்ருட்டிப் பலா மரத்துக்குத் தஞ்சாவூர் வீணைக்காரர்களிடமே தனி மதிப்பு! ஆனால் பக்கத்துத் திருவதிகையில் வீடு கட்டுகிறவர் பாடு? நெய்வேலியில் உழைத்துச் சேர்த்த பணத்தோடு மரவாடிக்குப் போகிறார். "நல்லா காய்ஞ்ச மரம் சார், கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க" என்கிறார்கள். வாங்கிய வாசக்கால் மழைக்கு உப்புகிறது, வெயிலுக்கு வெடிக்கிறது. வைரம் பாயாத மரம், வண்டுக்கு விருந்து!

அளவு குறைந்தால் கேட்க அதிகாரி உண்டு. தரத்துக்கு? கூட வரும் ஆசாரியின் கண்தான்! (அவருக்கும் மரவாடியில் கமிஷன் உண்டா என்பது வேறு கதை.)

தங்க நகைக்கு 2021-ல் ஹால்மார்க் கட்டாயமாக வந்தது. கட்டட மரத்துக்கும் ஐ.எஸ். 3629 என்று ஒரு தரவிதி இருக்கிறது, ஏட்டில்! அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில், சின்ன மர மில்காரர் பயிற்சியில் தேறிச் சான்றிதழ் வாங்கினால், தன் மரத்தைத் தானே தரம் பார்த்து வீடு கட்ட விற்கலாம். நம்ம ஆசாரிகளுக்கு அது முடியாதா? பயிற்சியும் சான்றிதழும் கொடுங்கள், ஈரம் பார்க்கும் மீட்டரையும் கையில் கொடுங்கள். முதல் வகுப்பைப் பண்ருட்டியிலேயே வைக்கலாமே!