உண்டியலும் நம்முடையது, கணக்கும் நம்முடையது



பிள்ளையார்குப்பத்திலிருந்து எழுதுகிறோம். கிருமாம்பாக்கம், பாகூர், சேலியமேடு, அரியூர், வில்லியனூர் வரை இருக்கிற நம் ஆட்கள் அத்தனை பேருக்கும் எழுதுகிறோம். கரும்பு வெட்டுகிற தோழா, நாற்று நடுகிற அக்கா, மெடிக்கல் காலேஜ் வாசலில் டீ ஆற்றுகிற அண்ணே, கம்பெனிக்கு ஷிப்டு போகிற தங்கச்சி, கேளுங்கள். பூசைக்குப் போகிறவர்களும் கேளுங்கள். ஜெபக்கூட்டத்துக்குப் போகிறவர்களும் கேளுங்கள்.

நம் திருச்சபைக்குள் இரண்டு பேய்கள் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று பேராசை. இன்னொன்று 'நானே போதும், எனக்கு யாரும் தேவையில்லை' என்கிற திமிர்.

இரண்டும் கதவை உடைத்துக்கொண்டு வரவில்லை. வாசலில் நின்று வரவேற்றோம். மாலை போட்டோம். பொன்னாடை போர்த்தினோம். பீடத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். நாம்தான் உட்கார வைத்தோம். வாயைத் திறக்காமல் உட்கார வைத்தோம்.

அடுத்த முறை கோயிலுக்குப் போகும்போது நிமிர்ந்து பாருங்கள். மின்விசிறி இறக்கையில் ஒரு பெயர். டியூப் லைட்டுப் பட்டியில் ஒரு பெயர். பெஞ்சு முதுகில் ஒரு பெயர். உபயம், உபயம், உபயம். ஐம்பதாயிரம் கொடுத்தவர் பெயர் கிரானைட்டில், தங்க எழுத்தில். பத்து ரூபாய்த் தாளை நான்காக மடித்து, பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமல் போட்ட ஆயாவின் பெயர் எங்கே? இயேசு காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து பார்த்தார். இரண்டு காசு போட்ட விதவை வந்ததும் சீடர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். நம் கோயில்களில் அந்த விதவைக்கு முன் பெஞ்சில் இடமில்லை. பங்குப் பேரவையில் இடமில்லை. திருவிழா நோட்டீசில் இடமில்லை.

எந்தக் கோயில் என்று நாங்கள் சொல்லப்போவதில்லை. உன் கோயிலைப் பார். உன் சபையைப் பார்.

கல்யாணத்துக்கு ஒரு ரேட். சாவுக்கு ஒரு ரேட். மணி அடிக்க ஒரு ரேட். திருவிழா வரி பாக்கி இருந்தால் ஞானஸ்நானம் தள்ளிப் போகும். கல்லறைக் குழிக்குப் பணம் கட்டின ரசீதைக் காட்டச் சொல்கிறார்கள், பிணம் வீட்டில் கிடக்கிறது. இப்படி விலைப்பட்டியல் ஒட்டுகிற கோயில்களைத்தான் போப் பிரான்சிஸ் 2014 நவம்பரில் வெளிப்படையாகக் கண்டித்தார். ரோமில் உட்கார்ந்து ஒரு போப் சொல்லிவிட்டார். பிள்ளையார்குப்பத்தில் உட்கார்ந்து நாம் சொல்லத் தயங்குகிறோம்.

மறுபக்கம் மேடை. வெள்ளைக் கோட்டு, எல்.இ.டி. திரை, காதைப் பிளக்கிற கீபோர்டு. 'விதை போடு, அறுவடை வரும். ஆயிரம் கொடு, கர்த்தர் லட்சமாகத் தருவார்.' திரையின் மூலையில் கியூ.ஆர். கோடு. முன்வரிசையில் இருக்கிற அக்காவின் பர்சில் ஐந்நூறு ரூபாய் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை குழு லோன் தவணைக்கு எடுத்து வைத்தது. அதையும் உறையில் போட்டு, பின்குத்திக் கொடுக்கிறாள். செவ்வாய்க்கிழமை லோன்காரன் வாசலில் நிற்பான். கர்த்தரின் லட்சம் வந்திருக்காது. அவள் போய்க் கேட்டால் என்ன பதில் வரும் தெரியுமா? 'உன் விசுவாசம் குறைவு சகோதரி.'

பணத்தையும் வாங்கிக்கொண்டு, பழியையும் அவள் தலையில் போடுகிறான்!

தோழர்களே, இரண்டாவது பேய் நுழைகிற இடம் இதுதான். 'எல்லாம் உன் கையில்தான் இருக்கிறது. நீ பலமாக நம்பினால் உயர்வாய். உயரவில்லையா, குற்றம் உன்னுடையது.' கேட்க ஆசீர்வாதம் மாதிரி இருக்கும். உள்ளே இருப்பது கருணையில்லாத மதம். ஐந்தாம் நூற்றாண்டில் பெலாஜியுஸ் என்ற துறவி, மனிதன் தன் மனபலத்தாலேயே நல்லவனாகிவிடலாம் என்று போதித்தார். புனித அகுஸ்தீனார் எழுந்து எதிர்த்தார். 418இல் கார்த்தேஜில் கூடிய சங்கம் அந்தப் போதனையைத் தள்ளியது. 1600 வருடம் கழித்து, 2018இல், புனிதத்தின் இரண்டு எதிரிகளைப் பெயர் சொல்லிக் காட்டிய போப் பிரான்சிஸ் அதில் ஒன்றாக இதையே வைத்தார். செத்த பாம்பு என்று நினைத்தோம். நம் ஊர் மேடையில் மைக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

தவறாக எடுத்துக்கொள்ளாதே. உழைக்காதே என்று நாங்கள் சொல்லவில்லை. கையேந்து என்றும் சொல்லவில்லை. சுயமரியாதைக்காரர்கள் நடந்த மண் இது, நாங்களும் அதில் வளர்ந்தவர்கள்தான். தலை நிமிர்ந்து நில். ஆனால் பக்கத்து வீட்டுக்காரன் விழும்போது 'அவனவன் பாடு' என்று கதவைச் சாத்துகிறாயே, அந்தக் கதவைத்தான் சொல்கிறோம். துபாய்ப் பணம் வந்தது, காம்பவுண்டு சுவர் எழுந்தது, அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடுகிற அன்பியக் கூட்டத்துக்கு ஆள் வருவது நின்றது. அந்தச் சுவரைத்தான் சொல்கிறோம்.

நிறுவனத்துக்கும் இதே நோய். 'பள்ளிக்கூடம் இருக்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது, ஏக்கர் ஏக்கராக நிலம் இருக்கிறது. நமக்கு என்ன குறை?' தனக்கு ஒன்றும் குறைவில்லை என்று மார்தட்டிய லவோதிக்கேயா சபையிடம், நீ குருடு, நீ நிர்வாணி என்று இயேசு சொன்னார். அதே ஆள் நம் வாசலில் நின்று கதவைத் தட்டுகிறார். உள்ளே கமிட்டி மீட்டிங் நடக்கிறது.

திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்த ஒரு பாதிரியாரை நினைத்துப் பாருங்கள். ஸ்டான் சுவாமி. ஜார்க்கண்டில் ஆதிவாசிகளோடு வாழ்ந்தார். 2020 அக்டோபரில், 83 வயதில், கைது செய்யப்பட்டார். பார்க்கின்சன் நோயால் கை நடுங்கியது, தம்ளரைத் தூக்க முடியவில்லை. தண்ணீர் குடிக்க ஓர் உறிஞ்சுகுழல் கேட்டு நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. 2021 ஜூலை 5இல், ஜாமீன் கிடைக்காமலே, மும்பை ஆஸ்பத்திரியில் செத்தார். தன் பேரில் கிரானைட் கல் கேட்டவர் இல்லை அவர். அவரும் இதே திருச்சபையின் ஆள். அந்தத் திருச்சபைதான் நமக்கு வேண்டும். அதைத்தான் மீட்கப் போகிறோம்.

மௌனத்துக்கு என்ன விலை என்று கேட்கிறாயா?

1947இல் பல சபைகள் ஒன்றாகி, உலகமே திரும்பிப் பார்க்கப் பிறந்தது தென்னிந்தியத் திருச்சபை. 2022 ஜூலையில், மருத்துவக் கல்லூரி இடங்களுக்குப் பணம் வாங்கியதாக எழுந்த புகாரில், அதன் தென் கேரளத் திருமண்டலத் தலைமையகத்துக்குள் அமலாக்கத் துறை நுழைந்தது. புகார் உண்மையா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். 2024 ஏப்ரலில், தேர்தல் தகராறு முற்றி, திருச்சபையை நிர்வகிக்க ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரை நியமித்தது சென்னை உயர் நீதிமன்றம். பெஞ்சில் இருந்த நாம் கேட்கவில்லை. கோர்ட்டு கேட்டது. நாம் கேட்கவில்லை. அமலாக்கத் துறை கேட்டது. பிள்ளைகள் கேட்காத வீட்டில் போலீஸ்காரன்தான் வந்து கேட்பான்.

நம் மறைமாவட்டத்துக்கே வா. 2008 மார்ச் 9, எறையூர். தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டார்கள். கேட்டதற்கே அவர்கள் வீடுகளைச் சாதிக் கிறிஸ்தவர்கள் தாக்கினார்கள். போலீஸ் சுட்டது. இரண்டு கிறிஸ்தவர்கள் செத்தார்கள். கோயில் என் சாதிக்குச் சொத்து என்பதும் பேராசைதான் தோழா. நிலத்தின் மேல் வைக்கிற ஆசையைவிட ஆழமான பேராசை. உண்டியலில் நம் காசு மட்டும் வேண்டும். தேர் நம் தெருவுக்குள் வரக் கூடாது.

'இப்போது பேசாதே. நாம் சிறுபான்மை. நாடு இருக்கிற நிலையில் எதிரிக்கு ஆயுதம் கொடுக்காதே.' இந்தப் பேச்சை நீயும் கேட்டிருப்பாய். நல்லவர்களும் சொல்கிறார்கள், பயத்தில் சொல்கிறார்கள். அவர்களுக்கு நம் பதில் இது. ஆயுதம் கொடுப்பவன் திருடுகிறவன். கேட்கிறவன் அந்த ஆயுதத்தைப் பிடுங்குகிறவன். மூடி வைத்த கணக்கு ஒவ்வொன்றும் நாளைக்கு அவர்கள் நம்மை அடிக்க எடுக்கிற தடி. ஜெபக்கூட்டத்தை மறித்து அடிக்க வருகிறவன் முன்னால் நாம் மார்நிமிர்த்தி நிற்க வேண்டுமானால், நம் கை சுத்தமாக இருக்க வேண்டும்.

கேட்டால் நடக்குமா? நடந்திருக்கிறது, இதே புதுச்சேரியில் நடந்திருக்கிறது. 1745 அக்டோபர். கோயிலுக்குள்ளேயே ஒரு சுவர். அந்தப் பக்கம் சாதிக் கிறிஸ்தவர், இந்தப் பக்கம் சேரிக் கிறிஸ்தவர். சேரிக்காரர்கள் திரண்டு போய்ப் பெரிய சாமியாரிடம் கேட்டார்கள்: நாங்களும் உங்கள் சீடர்தானே, எங்களுக்கு மட்டும் ஏன் சுவர்? சுவர் இடிந்தது. அன்றைக்குப் புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அந்தச் சாதி பிறகு வேறு வேறு வேடத்தில் திரும்பி வந்தது, உண்மை. ஆனாலும் அன்றைக்குச் சுவர் இடிந்தது. எழுதப் படிக்க வாய்ப்பில்லாதவர்கள், பல்லக்குகளும் சிப்பாய்களும் போன தெருவில் நடந்து போய் இடிக்க வைத்தார்கள்.

1936 ஜூலை 30இல் இதே புதுச்சேரியில் உரிமை கேட்ட ஆலைத் தொழிலாளர் 12 பேர் பிரெஞ்சுக்காரன் குண்டுக்கு விழுந்தார்கள். நாம் அவர்கள் பேரப்பிள்ளைகள். நம் நெஞ்சுக்கு யாரும் துப்பாக்கி நீட்டவில்லை. கமிட்டித் தலைவர் ஒரு முறை முறைப்பார். சாமியார் இரண்டு ஞாயிறு நம் முகத்தைப் பார்க்க மாட்டார். அதற்கா பயப்படுகிறோம்? அதற்கா?

கேட்பது பாவம் என்று யார் சொன்னது? ஆதிச் சபையில் கிரேக்க மொழி பேசிய விதவைகளுக்கு அன்றாடப் பங்கீட்டில் குறை வைத்தார்கள். முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர்கள் 'வாயை மூடு, ஜெபம் பண்ணு' என்று சொல்லவில்லை. கூட்டம் கூட்டினார்கள். ஏழு பேரை மக்களையே தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். முதிர்ந்த வயதில் சாமுவேல் ஜனங்கள் முன்னால் நின்று, யாருடைய மாட்டை எடுத்தேன், யாரிடம் லஞ்சம் வாங்கினேன், சொல்லுங்கள் என்று தானே கேட்டார். அப்படி ஒரு வாய் இன்றைக்கு எந்த மேடையில் இருக்கிறது?

கத்தோலிக்கத் தோழர்களே, சட்டமே நம் பக்கம் இருக்கிறது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் 537: ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே ஆக வேண்டும். 1287: விசுவாசிகள் கொடுத்த காணிக்கைக்கு விசுவாசிகளிடம் கணக்குக் காட்ட வேண்டும். 848: ஏழை என்பதால் ஒருவருக்குத் திருவருட்சாதனம் இல்லாமல் போகக் கூடாது. 212: திருச்சபையின் நலனுக்காக மேய்ப்பர்களிடம் கருத்தைச் சொல்வது நம் உரிமை, சில நேரம் கடமை. இந்த நான்கு எண்களையும் செல்போனில் குறித்து வை. 'சட்டம் தெரியுமா உனக்கு' என்று யாராவது அதட்டினால் எடுத்துக் காட்டு.

வில்லியனூர் மாதா திருவிழாவுக்கு நடந்து வருகிற கூட்டத்தைப் பார்த்திருக்கிறாய். கொடியேற்றத்திலிருந்து தேர் வரைக்கும், குளத்துப் படியெல்லாம், நம் ஜனம். செருப்பில்லாத கால், மஞ்சள் பை, இடுப்பில் பிள்ளை. 1877இல் எழுந்த அந்தக் கோயிலை இத்தனை காலம் தாங்கிக்கொண்டிருப்பது அந்தக் கால்கள். நம்மை எடுத்துவிட்டால் மிச்சம் செங்கல்லும் சுண்ணாம்பும்தான். இவ்வளவு பேர் இருந்துகொண்டு, ஒரு நோட்டைத் திறந்து காட்டுங்கள் என்று கேட்க முடியாதா நம்மால்?

தோழா, வருகிற ஞாயிறு. கடைசி ஆசீர்வாதம் முடிந்ததும் எழுந்து ஓடாதே. பைக்கை ஸ்டார்ட் பண்ணாதே. உள்ளேயே இரு. பக்கத்தில் இருக்கிற அக்காவையும் உட்காரச் சொல். மரியாதையாகப் பேசு, ஆனால் பேசு. போன வருடக் காணிக்கை எவ்வளவு, செலவு எவ்வளவு என்று கேள். நிலமும் கடையும் யாருக்கு, என்ன வாடகைக்கு விடப்பட்டிருக்கிறது என்று கேள். நிதிக்குழுவில் கூலி வேலை செய்கிறவர் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர் என்று கேள். வரி கட்ட முடியாத வீட்டுக்கும் குழி உண்டா, மணி உண்டா, தேர் உண்டா என்று கேள். பதிலை வாயால் சொன்னால் போதாது. அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்.

சபைக்குப் போகிற தோழரே, உங்கள் பாஸ்டரிடமும் இதையே கேளுங்கள். டிரஸ்ட் யார் பேரில்? கார் யார் பேரில்? உறையில் போன அந்த ஐந்நூறு ரூபாய் எங்கே?

அன்றைக்குப் பதில் வராமல் போகலாம். அடுத்த ஞாயிறும் உட்காருவோம். அதற்கு அடுத்த ஞாயிறும் உட்காருவோம். நம்மைப் பிரிக்கப் பார்ப்பார்கள். உனக்கு ஒரு பதவி, எனக்கு ஒரு பொன்னாடை, அவன் பிள்ளைக்கு ஸ்கூலில் ஒரு சீட்டு. வாங்காதே. வாங்கினவனைத் திட்டித் துரத்தாதே, திரும்பக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வை.

இந்தக் கேள்விகளோடு மனு ஒன்று தயாராகிவிட்டது. ஒரே ஒரு பக்கம். கையெழுத்துப் போடத் தெரியாதவர் கைநாட்டு வைக்கலாம். மை டப்பாவும் பேனாவும் நாங்கள் கொண்டு வருகிறோம். சனிக்கிழமைக்குள் உன் தெருவில் பத்து வீட்டுக் கதவைத் தட்டு. ஞாயிறு வெறுங்கையோடு வராதே, ஆட்களோடு வா.